அத்தை ஜெபத்தில் இருக்கிறார்

ஒரு தேசத்தின் தலைவிதி நாடாளுமன்றத்தில் எழுதப்படுவதில்லை. பாலர் பள்ளியின் சின்னஞ்சிறு நாற்காலிகளில்தான் எழுதப்படுகிறது.

இந்த வாசகத்தை டொரத்தி தானே யோசித்து, தானே மெச்சிக்கொண்டு, பெரிய பேனராக அடித்து, மாசாய் ஊரில் இருக்கும் தன் ‘லிட்டில் சம்மிட்’ பாலர் பள்ளியின் வாசலில் கட்டியிருந்தாள். அன்று காலை அவள் காரிலிருந்து இறங்கியபோது பேனரின் ஒரு முனை அவிழ்ந்து, தேசம் சாக்கடைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. தலைவிதி மட்டும் காற்றில் ஆடியது.

“சுபத்திரா! யாரு இதக் கட்டினது?”

“நீங்கதான் பிரின்சிபல். நேத்து சாயந்திரம். நாங்க கட்டினா கோணலாப் போயிரும்னு சொன்னீங்க.”

சுபத்திரா உதவி ஆசிரியை. காலையில் கேட்டைத் திறப்பது, தரை துடைப்பது, வேனில் வந்திறங்கும் பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. எட்டு மணிக்கு மேல் டொரத்தி வந்து சேரும்வரை பெற்றோர் யாராவது கேட்டால், “பிரின்சிபல் ஜெபம் முடிச்சிட்டு வந்துருவாங்க” என்று சொல்வதும் அவள் வேலைதான்.

அந்த ஜெபம் சாதாரண ஜெபமல்ல. பள்ளியின் துண்டறிக்கையில் டொரத்தியின் படத்துக்குக் கீழே அது அச்சாகியிருந்தது: ‘தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் ஒரே பிரின்சிபல்.’ இந்துப் பெற்றோருக்கும் இது பிடித்திருந்தது. யார் எந்தச் சாமியிடம் கேட்டால் என்ன, பிள்ளையின் பெயர் மேலே போய்ச் சேர்ந்தால் சரி.

அன்று ‘கற்றலும் விளையாட்டும்’ என்ற திறந்த நாள். தென் மண்டலப் பாலர் கல்வி மாமன்றத்தின் தலைவர் டாக்டர் சுகுமாறன் நேரில் வந்து வகுப்பறையைப் பார்த்து, ‘பொன் மழலை’ விருதுக்குத் தகுதி உண்டா என்று தீர்மானிக்கப் போகிறார். மாமன்றம் என்பது அவரும் அவர் மனைவியும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் சேர்ந்தது. ஆனால் விருது கனமான விருது. கையில் வாங்கினால் மணிக்கட்டு வலிக்கும்.

விருதுக்கான விதி ஒன்றே ஒன்று. பிள்ளைகள் சுதந்திரமாக விளையாட வேண்டும். ஆசிரியர் குறுக்கிடக் கூடாது.

அந்தச் சுதந்திரத்தை டொரத்தி இரண்டு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தாள்.

கடை மூலையில் யார் எப்போது என்ன வாங்குவது, டாக்டர் மூலையில் யாருக்கு எங்கே வலிப்பது, வீட்டு மூலையில் அம்மா என்ன பேசுவது, எல்லாம் மனப்பாடம். “இயல்பா இருக்கணும், சரியா? இயல்பா இல்லாதவங்களுக்கு ஸ்டிக்கர் கிடையாது” என்று நேற்றும் எச்சரித்திருந்தாள்.

ஸ்டிக்கர் என்றால் தங்க நட்சத்திரம். நட்சத்திரத்தின் நடுவில் டொரத்தி சிரித்துக்கொண்டிருப்பாள். அழாத பிள்ளைக்கு ஒன்று, மிச்சம் வைக்காமல் சாப்பிட்ட பிள்ளைக்கு ஒன்று. வீட்டிலும் இதே முறையைக் கடைப்பிடிக்க விரும்பும் பெற்றோர் ஆபீஸ் அறையில் முழுத் தாளாகவே வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டு மூலையின் அம்மா வேடம் ஜெமிமாவுக்கு. ஐந்து வயது. டொரத்தியின் தம்பி திமோத்தியின் மகள். உறவு வேறு, பள்ளி வேறு என்பது டொரத்தியின் கொள்கை. ஆகவே வகுப்பில் ஜெமிமாவும் அவளை ‘பிரின்சிபல்’ என்றுதான் கூப்பிட வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும், திமோத்தி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். அவனும் அவன் மனைவி ஷர்மைனும் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் ஒரே பைக்கில் கிளம்பினால்தான் எல்லைப் பாலத்து நெரிசலுக்கு முன் அக்கரை சேரலாம். அதுவரை ஜெமிமாவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மக்சிக், பேரன் பிறந்ததென்று கோத்தா திங்கிக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். “வேன் வர்ற வரைக்கும்தான் அக்கா. ரெண்டு மணி நேரம். உங்க ஹால்ல ஒரு ஓரமா படுத்துக்குவா” என்று திமோத்தி கேட்டான்.

டொரத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, அந்த நேரம் எனக்கும் கர்த்தருக்கும் உள்ள நேரம்டா. அதுல யாரையும் நான் உள்ள விடறதில்ல. ஆனா உன் மக பேரச் சொல்லாம நான் ஆமென் சொன்னதில்ல.”

திமோத்தி தலையை ஆட்டினான். பிறகு, “சரிக்கா. வேற ஏற்பாடு பண்ணிக்கிறோம்” என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

என்ன ஏற்பாடு என்று டொரத்தி கேட்கவில்லை.

டாக்டர் சுகுமாறன் கோட்டு சூட்டோடு வந்தார். பெற்றோர் சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். டொரத்தி பட்டுப் புடவையில் மைக் பிடித்தாள்.

“இப்ப நீங்க பாக்கப்போறது எதையும் நாங்க சொல்லிக் குடுக்கல. பிள்ளைங்க மனசுல என்ன இருக்கோ, அதுதான் வரும்.”

அவள் சொன்னதில் இரண்டாவது பாதி உண்மையாகிவிட்டது.

கடை மூலை சரியாகத்தான் தொடங்கியது. ஒரு பையன் பிளாஸ்டிக் கத்தரிக்காய் கேட்டான்; கடைக்காரச் சிறுமி அவன் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் மூலையில் வயிற்றுவலிக்காரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்; யாரும் கவனிக்கவில்லை. மசாக்-மசாக் சமையல் விளையாட்டுச் சட்டிகள் கடகடவென்று சத்தம் போட்டன.

வீட்டு மூலையில் அப்பா வேடம் யுகேந்திரனுக்கு. அவன் தன் வசனத்தைச் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

“அம்மா, பாப்பா எழுந்திருச்சிருச்சா?”

ஜெமிமா சொல்ல வேண்டியது: ‘எழுந்திருச்சிருச்சு. வா செல்லம், பல் விளக்கலாம்.’ இரண்டு வாரமாக ஒரு சொல் பிசகாமல் சொன்னவள், இன்று பொம்மையைக் கையில் எடுத்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஷ்ஷ்... மெதுவா பேசுங்க. எழுப்பிராதீங்க.”

பொம்மையைத் தோளில் சாய்த்து, நுனிக்காலில் நடந்து, விளையாட்டு அலமாரியின் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு துணி விரித்தாள். பொம்மையைப் படுக்கவைத்தாள். பக்கத்தில் விளையாட்டுப் போன். இரண்டு பிளாஸ்டிக் பிஸ்கட். கொஞ்சம் யோசித்துவிட்டு மணல் விளையாட்டு வாளியை எடுத்து வந்து மூலையில் வைத்தாள்.

“ஒண்ணுக்கு வந்தா இதுல. சரியா?” என்றாள் பொம்மையிடம். “சத்தம் போடக்கூடாது. கதவத் தட்டக்கூடாது. தட்டினா ஆளுங்க போலீஸக் கூப்பிட்ருவாங்க. அப்புறம் அம்மா அப்பாவ கொண்டுபோயிருவாங்க.”

கதவைச் சாத்தினாள். இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே ஓர் அடிக்கோலைச் செருகினாள். அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

யுகேந்திரனுக்கு வசனம் தீர்ந்துவிட்டது. ஆனால் நல்ல பையன். கேட்க வேண்டியதைக் கேட்டான்.

“பாப்பாவ யாரு பாத்துப்பா?”

“யாரும் இல்ல.”

“உங்க அத்தை?”

“அத்தை ஜெபத்துல இருக்காங்க,” என்றாள் ஜெமிமா. “டிஸ்டர்ப் பண்ணக்கூடாது.”

வடிகட்டியைத் தலையில் ஹெல்மெட்டாகக் கவிழ்த்துக்கொண்டு, நாற்காலியைப் பைக்காக்கி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். “ஏறுங்க. ஜாம் ஆயிரும்.”

வகுப்பறை கை தட்டியது.

அத்தையின் ஜெபம் என்றதும் முதல் வரிசைத் தாய்மார்கள் நெகிழ்ந்து டொரத்தியைப் பார்த்தார்கள். டாக்டர் சுகுமாறன் எழுந்தே நின்றுவிட்டார்.

“பிரமாதம்! இதத்தான் நான் பல மேடைகள்ல சொல்லிட்டு வர்றேன். ஒரு அலமாரியைப் பாத்து அந்தப் பிள்ளை ஒரு உலகத்தையே கட்டிட்டா பாருங்க. கற்பனை! பாலர் கல்வியோட உயிரே கற்பனைதான்!”

டொரத்தியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நட்சத்திரத்துக்குள் இருக்கும் அதே சிரிப்பு. ஆனால் அவள் கண் அந்த வாளியை விட்டு நகரவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவளுக்கு ஒன்று தெரியும். எந்தப் பிள்ளையும் கற்பனையில் ஒண்ணுக்குப் போக வாளி வைப்பதில்லை.

பக்கத்தில் சுபத்திரா மெல்லிய குரலில், “பிரின்சிபல்...” என்றாள்.

“தெரியுது.”

“அந்தப் பிள்ள ஒரு மாசமா வந்ததும் நேரா டாய்லெட்டுக்குத்தான் ஓடுது. நானும் பழக்கம்னு நெனச்சேன்.”

“தெரியுதுன்னு சொன்னேன்ல. போய் டாக்டருக்கு மைலோ கலந்து கொண்டா.”

விருது அங்கேயே வழங்கப்பட்டது. அலமாரிக்கு முன்னால் ஜெமிமாவை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அடிக்கோல் இன்னும் கைப்பிடியில்தான் இருந்தது. “அத எடுக்காதீங்க, இயல்பா இருக்கு” என்றார் டாக்டர் சுகுமாறன்.

சாப்பாடு முடிந்து பிள்ளைகள் பாயில் படுத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டொரத்தி பட்டுப் புடவையோடு ஜெமிமாவின் பாயருகே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்வதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஜெமி.”

ஜெமிமா கண்ணைத் திறந்தாள். “இப்ப நீங்க அத்தையா, பிரின்சிபலா?”

டொரத்தி இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். “அத்தை,” என்றாள்.

“ம்.”

“காலையில அம்மா அப்பா போனதுக்கு அப்புறம், நீ எங்கம்மா இருப்ப?”

“ரூம்ல.”

“கதவு?”

“தாப்பா போட்ருப்பாங்க. அந்தப் பக்கம். எனக்கு எட்டாது, அந்தப் பக்கம்ல.”

“அப்புறம் யாரு தெறப்பா?”

“வேன் அங்கிள்.”

டொரத்தி தன் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள். “பயமா இருக்குமா?”

ஜெமிமா யோசித்தாள். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

“கார்ட்டூன் ஓடினா பயம் இல்ல. பேட்டரி போனாத்தான்.”

பிறகு, “அழமாட்டேன். அழுதா ஸ்டிக்கர் கிடையாது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வேன் அங்கிள் என்றால் தங்கராஜு. வேன் அவருடையது என்றாலும் பக்கவாட்டில் படமாகச் சிரிப்பது டொரத்தி. அவரை வேனுக்குப் பின்னால் வைத்துப் பிடித்தாள்.

“என் பள்ளி பேரு போட்ட வேன ஓட்டிக்கிட்டு, ஒரு பச்சப் பிள்ளைய அடைச்சு வச்சிருக்கறதப் பாத்துட்டு, வாயத் தெறக்காம இருந்திருக்கீங்க!”

தங்கராஜு வாயில் இருந்த சிகரெட்டைக் கீழே போட்டார். “அலமாக், மெதுவா பேசுங்க டீச்சர். நான் என்ன பண்றது? சாவியக் குடுத்தாங்க. தெறந்து கூட்டிட்டு வாங்கன்னாங்க. கூட்டிட்டு வர்றேன். நாலு மாடி ஏறி எறங்கறேன் லா, தினமும்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க தம்பி பிள்ளதான டீச்சர்,” என்றார் தங்கராஜு. “தினமும் அது பேரச் சொல்லி ஜெபம் பண்றீங்க. அந்தப் பிள்ள எங்க இருக்குன்னு தெரியாமயா ஜெபம் பண்ணுவீங்கன்னு நெனச்சேன்.”

கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தங்கராஜு துண்டறிக்கையை நம்பியிருந்தார்.

மாலையில் திமோத்தியின் ஃபிளாட்டில் லிப்ட் வேலை செய்யவில்லை. டொரத்தி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பையில் பொன் மழலை இடிக்க இடிக்க, நான்கு மாடி ஏறினாள். படிக்கட்டில் மீன் வறுக்கும் வாசனை. கீழே வரிசையாக நின்ற பைக்குகளில் பாதி இன்னும் சூடு ஆறவில்லை.

ஏறும்போது பேச வேண்டியதைத் தயார் செய்தாள். குழந்தை என்பது ஆண்டவர் கொடுத்த கொடை என்று ஆரம்பிப்பது. பெற்றோரின் கடமை என்று நடுவில் வருவது. சட்டம், போலீஸ் என்று முடிப்பது. மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கியதில் நடுப்பகுதி மறந்துபோயிற்று.

ஷர்மைன் கதவைத் திறந்தாள். வேலை உடுப்பு இன்னும் மாற்றவில்லை. டொரத்தியின் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. தங்கராஜு போன் பண்ணியிருக்க வேண்டும். ஒதுங்கி நின்று வழி விட்டாள்.

அந்த அறை ஹாலை ஒட்டித்தான் இருந்தது. கதவின் வெளிப்பக்கம், மேலே, பளபளவென்று புதுத் தாழ்ப்பாள். டொரத்தி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மெத்தை. பிஸ்கட் டின். மூடி போட்ட வாளி, கழுவிக் கவிழ்த்திருந்தது. கம்பி போட்ட ஜன்னல்.

பேச ஆரம்பிக்கலாம் என்று திரும்பினாள். கதவின் உட்பக்கம் கண்ணில் பட்டது.

நட்சத்திரங்கள். ஜெமிமாவின் கை எட்டும் உயரத்தில் வரிசை வரிசையாகத் தங்க நட்சத்திரங்கள். ஒவ்வொன்றிலும் டொரத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் சில இடங்கள் காலியாக இருந்தன.

“அழாம இருந்த நாளுக்கு ஒண்ணு,” என்றாள் ஷர்மைன் பின்னாலிருந்து. “நீங்க பேரண்ட்ஸ் மீட்டிங்ல சொல்லிக் குடுத்ததுதான். நல்லா வேலை செய்யுது அக்கா.”

டொரத்தி மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அத்தனை டொரத்திகளும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

திமோத்தி குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து வாசற்படியில் நின்றான்.

“திட்டணும்னா திட்டிருங்கக்கா. காலையில எழுந்திருக்கணும்.”

“என்னடா இது?” அவ்வளவுதான் வந்தது அவளுக்கு. “மனுஷன் செய்யற வேலையா இது?”

“முதல்ல தாப்பா இல்லாமதான் விட்டோம். அவளே வீட்டுக் கதவத் தெறந்துட்டு கீழ எறங்கிட்டா. இருட்டுல நின்னு எங்க பைக்கத் தேடிட்டு இருந்திருக்கா. தங்கராஜு அண்ணன்தான் பாத்துத் தூக்கிட்டு வந்தார். சரின்னு வீட்டுக் கதவப் பூட்டினோம். ஸ்டூல் போட்டு பால்கனியில எட்டிப் பாத்திருக்கா. நாலாவது மாடிக்கா.” அவன் தாழ்ப்பாளைத் தொட்டான். “அப்புறம்தான் இது.”

“தீப்பிடிச்சா என்னடா பண்ணுவீங்க?”

ஹாலில் ஜெமிமா கார்ட்டூன் பார்க்கும் சத்தம் கேட்டது.

“தினமும் பாலத்துல பைக் நிக்கும்ல,” என்றாள் ஷர்மைன், “அங்க நிக்கும்போது நான் அதத்தான் யோசிக்கிறேன். வேற எதுவும் யோசிக்கிறதில்ல.”

“ஒருத்தர் வேலைய விடலாமே.”

“விட்டா இந்த வீடு இருக்காது.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா...”

“சொன்னோமேக்கா,” என்றான் திமோத்தி. கோபமே இல்லாமல் சொன்னான். “உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு சொன்னேன்.”

ஷர்மைன்தான் தொடர்ந்தாள்.

“நாங்க யோசிக்காம உங்ககிட்ட வரல அக்கா. எங்க அம்மா வீட்ல கேட்ருக்கலாம். அவங்க தூங்கற ஆளுங்க, எழுப்பறது பாவம்னு விட்டுட்டோம். அஞ்சு மணிக்கு முழிச்சிருக்கற ஒரே சொந்தம் நீங்கதான். பள்ளி நோட்டீஸ்லயே போட்ருக்கு. எப்படியும் முழிச்சுதான் இருக்காங்க, பிள்ள ஒரு ஓரமா படுத்திருக்கப்போகுதுன்னு நெனச்சோம். ஜெபம்னு சொன்னீங்க. சரி, சாமி காரியம், நாம குறுக்க போகக்கூடாதுன்னு இவர்தான் சொன்னார்.”

மீன் வாசனை வீட்டுக்குள்ளும் வந்திருந்தது. டொரத்திக்குக் கண் கலங்கியது. அது நிஜமான கலக்கம்; நாம் அதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். இப்படிப்பட்ட நேரங்களில் ஒரு நல்ல காரியம் செய்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். செய்ய முடியுமா என்பது பிறகுதான் தோன்றும்.

எழுந்தாள். குரல் மேடைக் குரலாகிவிட்டது.

“நாளையிலேர்ந்து எங்க வீட்டுக்குக் கொண்டாங்க.”

திமோத்தி நிமிர்ந்து பார்த்தான். “ஜெபம்?”

“அவளையும் பக்கத்துல வச்சிக்கிட்டு ஜெபிக்கிறேன். இதுவும் கர்த்தர் குடுத்த ஊழியம்தான்டா.”

ஷர்மைன் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் அழுதாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் அது பழகியிருந்தது.

“ஒரே ஒரு விஷயம்க்கா,” என்றான் திமோத்தி. “நாங்க நின்னு பேச முடியாது. நின்னா ஜாம்ல மாட்டிக்குவோம். கேட்டுக்குள்ள எறக்கி விட்டுட்டு, மணி அடிச்சிட்டுக் கெளம்பிருவோம். அஞ்சுக்கு முன்னாடியே வந்துருவோம். நீங்க முழிச்சுதான இருப்பீங்க?”

இந்த இடத்தில் ஒரு சொல் போதுமாக இருந்தது. உண்மையில் அரைச் சொல். ‘எழுப்பிவிடு’ என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். யாரும் எதுவும் நினைத்திருக்கமாட்டார்கள்.

“அந்த நேரத்துல நான் என்னைக்குடா தூங்கியிருக்கேன்?” என்றாள் டொரத்தி.

திமோத்தி உள்ளே போய் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தான். நின்ற நிலையிலேயே தாழ்ப்பாளைக் கழற்றினான். திருகாணிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து உருண்டன. தாழ்ப்பாளைக் குப்பைப் பைக்குள் போட்டு, பையை முடிச்சுப் போட்டு, அப்போதே கீழே கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தான். மூச்சிரைத்தது. அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

ஜெமிமா அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“உங்க வீட்ல தாப்பா இருக்கா?”

“இல்லம்மா. கேட்டுதான் இருக்கு. நீ மணி அடிச்சதும் அத்தை ஓடி வந்துருவேன்.”

“நான் எத்தன தடவ அடிக்கணும்?”

“ஒரு தடவ போதும்.”

ஜெமிமா தலையை ஆட்டினாள். “நான் அழமாட்டேன்,” என்று உறுதி கொடுத்தாள்.

வீட்டில் கணவர் லூயிஸ் டிவியில் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவியின் மேடைகளுக்கெல்லாம் நாற்காலி தூக்கியே ஓய்வுபெற்றவர். டொரத்தி பொன் மழலையை அலமாரியில் வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்லவில்லை. ஊழியத்தைப் பற்றிச் சொன்னாள்.

லூயிஸ் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“அஞ்சு மணிக்கு முன்னாடியா?”

“ஆமா.”

“கேட்டுக்குள்ள விட்டுட்டுப் போயிருவானா?”

“ஆமான்னு சொல்றேன்ல.”

“நாய்ங்க சுத்துமே டொரத்தி, அந்த நேரத்துல.” கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். “ஏர்கான் சத்தத்துல நமக்கு மணி கேக்காது. யாரு எழுந்திருக்கறது?”

“நான்தான்.”

லூயிஸ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சண்டையில் இந்த விஷயம் மறந்தும் போயிருக்கலாம். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பிக்குப் போன் போட்டு உண்மையச் சொல்லிரு.”

“என்ன உண்மை?” என்றாள் டொரத்தி.

அவர் எழுந்து கை கழுவப் போனார். டொரத்தி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். திமோத்தியின் பெயருக்கு மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதை விட்டுவிட்டு அலாரத்தைத் திறந்தாள்.

அதில் ஏற்கெனவே ஒரே ஒரு அலாரம் இருந்தது. அதற்கு ‘ஜெபம்’ என்று பெயர் வைத்திருந்தாள். நேரம், ஏழு பத்து.